சம்பங்கி வாசம், சல்லிசு விலை

காலை எட்டரை மணிக்கு நம் லிஃப்டில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். தரைத்தளம் வருவதற்குள் ஐந்து வகை சென்ட் மூக்கில் ஏறிவிடும். அதில் பெரும்பாலும் ஒன்று மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு நிற்கும். இனிப்பும் கிறக்கமுமாக, கொஞ்சம் தலையைப் பிடிக்கிற மாதிரி, ஒரு வெள்ளைப் பூவின் வாசம். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் 'ட்யூப்ரோஸ்' என்று எழுதியிருக்கும். விலை இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய்.

ட்யூப்ரோஸுக்கும் ரோஜாவுக்கும் சம்பந்தமில்லை. கிழங்கிலிருந்து முளைப்பது என்ற பொருளில் வந்த லத்தீன் சொல், ஆங்கிலத்தில் ரோஜாவாகத் திரிந்துவிட்டது. அது நம்முடைய நிலச்சம்பங்கிதான். நல்லம்பள்ளி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் போகும்போது சாலையோர வயல்களில் நீளத் தண்டில் வெள்ளை வெள்ளையாக நிற்குமே, அதே பூ. தர்மபுரி பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பூ.

அப்படியானால் லிஃப்டில் வீசும் அந்த இருநூறு ரூபாய் பாட்டிலுக்குள் நம் வயல் பூ இருக்கிறதா? இல்லை. ஒரு துளிகூட இருக்க வழியில்லை. ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

நறுமணத்துக்கு நம் நாட்டில் எப்போதுமே இரண்டு விலை இருந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கோவலனின் ஊடலைத் தீர்க்க மாதவி நீராடித் தன்னை அலங்கரித்துக்கொள்ளும் இடத்தில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை என்று ஒரு பட்டியலே வருகிறது. அது பணக்கார வாசனை. அதே காப்பியத்தில் புகாரின் தெருக்களில் சுண்ணமும் சாந்தும் பூவும் புகைப்பொருளும் கூவி விற்றுத் திரிகிறவர்களும் வருகிறார்கள். அது தெருவில் போகிறவர்கள் வாங்கிய வாசனை. இன்றைக்கு மாலில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் பாட்டிலுக்கும் பஸ் ஸ்டாண்டில் பெட்டி விரித்து விற்கும் அத்தருக்கும் உள்ள தூரம் அன்றைக்கும் இருந்தது.

ஆனால் அந்தப் பழைய தெருக்களில் நம் சம்பங்கி இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அதில் சண்பகம் உண்டு. அது மரத்தில் பூப்பது. நிலத்தில் பூக்கும் சம்பங்கிக்கு அங்கே இடமில்லை. காரணம் எளிது. அன்றைக்கு அது இந்த நாட்டிலேயே கிடையாது.

நிலச்சம்பங்கி மெக்சிகோவின் பூ. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கிருந்த மக்கள் அதைத் தோட்டங்களில் வளர்த்து வந்தார்கள். அஸ்டெக் மக்களின் மொழியில் அதற்கு 'எலும்புப் பூ' என்று பொருள் தரும் பெயர். வெளுப்பைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பல்களில் ஐரோப்பாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போனது. ஐரோப்பியக் கடல் வணிகம் நம் பக்கம் கொண்டுவந்து சேர்த்த மிளகாய், கொய்யா, முந்திரி வரிசையில் இதுவும் இந்தியாவுக்குள் நுழைந்தது. வடக்கே ரஜனிகந்தா என்றார்கள்; இரவில் மணப்பது என்று பொருள். நம்மவர்கள் சண்பகத்தின் மணத்தை நினைத்துக்கொண்டு, மரத்தில் பூக்காமல் நிலத்தில் பூப்பதால் நிலச்சம்பங்கி என்றார்கள். பழைய பூவின் பெயரையே புதிய பூவுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று 'சம்பங்கி' என்று மட்டும் சொன்னால் பூக்கடையில் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

வெளியூர்ச் செடியைத் தன் செடியாக்கிக்கொள்வது நம் மண்ணுக்குப் புதிதல்ல. நம் ஊரின் பெயருக்குரிய அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும்போது, தொலைவிலிருந்து கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவன் முன்னோர் என்கிறார் ஒளவையார். புறநானூற்றின் 99ஆம் பாட்டு. எல்லோரும் நெல்லிக்கனியை நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கென்னவோ கரும்புதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

சம்பங்கிக்கு வருவோம். இதன் மணம் எவ்வளவு அழுத்தமானது என்பதற்கு ஒரு கதை போதும். பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னருக்கு இந்தப் பூ பிடிக்கும். வெர்சாய் அரண்மனையை ஒட்டிய த்ரியானோன் தோட்டத்தில் ஏராளமாக நட்டு வைத்திருந்தார். அத்தனை பெரிய திறந்தவெளித் தோட்டத்திலேயே வாசனை தாங்காமல் அரசரும் அரசவையினரும் எழுந்து போனதுண்டு என்று அவர் காலத்து சேன்-சிமோன் பிரபு எழுதி வைத்திருக்கிறார். திறந்தவெளிக்கே அப்படியென்றால், ஆறு பேர் நிற்கும் லிஃப்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இந்தப் பூவுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ரோஜாவைப் போல் கொதிநீரில் போட்டு ஆவி பிடித்து வாசனை எடுக்க முடியாது. சூடு பட்டால் கெட்டுவிடும். அதனால் பிரான்ஸின் தென்கோடியில் உள்ள கிராஸ் என்ற ஊரில் வேறொரு வழி கண்டார்கள். கண்ணாடிப் பலகையில் சுத்தமான கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களைப் பரப்பி வைப்பார்கள். பூ சிறுகச் சிறுக விடும் மணத்தைக் கொழுப்பு வாங்கிக்கொள்ளும். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பார்கள். வாரக்கணக்கில் இது நடக்கும். பிறகு கொழுப்பைச் சாராயத்தில் அலசி மணத்தைப் பிரிப்பார்கள். நம் நாட்டில் இதற்கு ஓர் உறவுமுறை உண்டு. எள்ளையும் மல்லிகையையும் மாறி மாறி அடுக்கி, எள்ளில் மணம் ஏறியதும் செக்கில் ஆட்டி எடுப்பார்கள். வட இந்தியாவின் சமேலி எண்ணெய் அப்படி வந்ததுதான்.

இப்போது கொழுப்பு முறை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை நீக்கிவிட்டால் மெழுகு மாதிரி ஒரு பொருள் தங்கும். அதற்குத் தொழிலில் 'கான்கிரீட்' என்று பெயர். நம் வீட்டுத் தளத்துக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். மெழுகையும் நீக்கினால் கிடைப்பது 'அப்சொல்யூட்'.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஆயிரம் கிலோ சம்பங்கிப் பூவிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ கான்கிரீட் கிடைக்கும். அதிலிருந்து சில நூறு கிராம் அப்சொல்யூட். பூ கிலோ 50 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூவுக்கு மட்டும் 50,000 ரூபாய். கால் கிலோ அப்சொல்யூட் கிடைத்தது என்றால் ஒரு கிராமுக்குப் பூவின் விலை மட்டுமே 200 ரூபாய். கரைப்பான், ஆலைச் செலவு, கூலி, லாபம் எல்லாம் அதற்கு மேல். இருநூறு ரூபாய் பாட்டிலில், பாட்டிலுக்கும் மூடிக்கும் விளம்பரத்துக்கும் போக, இந்தப் பூவுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பின் எப்படி அந்த வாசனை மட்டும் சல்லிசாகக் கிடைக்கிறது?

முதலில் அத்தரைச் சொல்ல வேண்டும். பள்ளிவாசல், தர்கா வாசல்களில் இன்றும் சின்னச் சின்னக் குப்பிகளில் விற்கிறார்களே, அது. ஒரு துளியைப் பஞ்சில் நனைத்துக் காதுமடலில் செருகிக்கொள்ளும் பெரியவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கன்னோஜ் நகரத்துப் பழைய முறைப்படி பூவின் ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள்; பூவின் மணத்தை ஓடிவிடாமல் பிடித்து வைப்பது சந்தனம். சந்தனத்தின் விலை ஏற ஏற, மலிவு அத்தரில் அந்த இடத்தை லிக்விட் பாரஃபின் போன்ற மணமற்ற எண்ணெய்கள் பிடித்துக்கொண்டன.

சந்தனம் என்றதும் நம் மாவட்டத்தில் இருப்பவர்கள் ஒரு பெயரைத் தாண்டிப் போக முடியாது. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி. சந்தன மரம் கடத்திப் பதுக்கினார்கள் என்று சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடியும்போது உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தனம் மணந்த வீடுகள் எங்கோ இருந்தன. அதற்காக அடிபட்டவர்கள் மலையடிவாரத்தில் இருந்தார்கள். வாசனையின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதுவது சரியாகப் படவில்லை.

அடுத்து வேதியியல். 1868இல் வில்லியம் பெர்கின் என்ற ஆங்கிலேயர் கூமரின் என்ற மணப்பொருளை ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார். 1882இல் ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனம் அதைச் சேர்த்து ஒரு சென்ட்டை விற்பனைக்கு விட்டது. 1921இல் வந்த சனேல் நம்பர் 5 ஆல்டிஹைடுகளை வைத்தே பெயர் வாங்கியது. அதற்குப் பிறகு பூவை நம்பி மட்டும் சென்ட் செய்ய வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

சம்பங்கியின் மணத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் மெத்தில் பென்சோயேட், மெத்தில் சாலிசிலேட், மெத்தில் ஆந்த்ரானிலேட், பென்சைல் பென்சோயேட் போன்ற பொருள்கள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், எல்லாம் உங்களுக்குப் பழக்கமானவைதான். மெத்தில் சாலிசிலேட் முழங்கால் வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசம். மெத்தில் ஆந்த்ரானிலேட் திராட்சை மிட்டாயின் வாசம். மாலையில் சம்பங்கி மொட்டு அவிழும்போது கிட்டத்தில் முகர்ந்து பாருங்கள். தைலத்தின் சாயல் லேசாக எட்டிப் பார்க்கும். இந்த வேதிப்பொருள்களை ஆலைகளில் டன் கணக்கில் மலிவாகச் செய்ய முடியும். அளவறிந்து கலந்தால் சம்பங்கி மாதிரி வரும். மலிவு சென்ட்டில் சில பொருள்கள் தூக்கலாக இருக்கும், பூவில் உள்ள நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மணங்கள் இருக்காது. தலையைப் பிடிப்பது போலிருப்பது பெரும்பாலும் அதனால்தான்.

ஐரோப்பாவில் மலிவு சென்ட் பரவிய வேகத்தில் இங்கே பரவாததற்கு ஒரு காரணம் சாராயம். சென்ட் ஸ்பிரேயில் பெரும்பகுதி ஆல்கஹால். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில். அன்று தர்மபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. நமக்குத் தனி மாவட்டம் 1965இல்தான். விடுதலைக்குப் பிறகு, ஆல்கஹால் கலந்த மருந்துக்கும் வாசனைப் பொருளுக்கும் தனியாக வரி விதிக்க 1955இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது, ஜி.எஸ்.டி. வரும்வரை அது நடைமுறையில் இருந்தது. ஆகவே நடுத்தர வீடுகளில் வாசனை என்றால் ஆல்கஹால் இல்லாதவை: அத்தர், ஜவ்வாது, ஊதுபத்தி, எல்லாவற்றுக்கும் மேலாக முகப்பவுடர். கல்யாணத்துக்குப் போகும்முன் கழுத்திலும் கைக்குட்டையிலும் பவுடர் தட்டிக்கொண்ட தலைமுறைக்கு அதுதான் சென்ட்.

பூ வாசனையை ஏழை வீடு வரைக்கும் கொண்டுபோன அடுத்த அடியை எடுத்து வைத்தது கடலூர். பொருள்களைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று யோசித்தவர்களில் முன்னோடி அங்கே இருந்த சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொழில் தொடங்கி, அப்பா பெயரின் நினைவாக 'சிக்' ஷாம்பூவைக் கொண்டுவந்தார். அந்தப் பாக்கெட்டில் மல்லிகை வாசமும் ரோஜா வாசமும் சேர்த்த பிறகு விற்பனை வேகமாக ஏறியது. தலையில் பூ வைக்கக் காசில்லாத நாளிலும், குளித்துவிட்டு வந்தால் கூந்தல் மல்லிகையாக மணக்கும். விற்றது அந்த வாசனைதான் என்பேன். பின்னாளில் கவின்கேர் ஆன அதே நிறுவனம், 1990-களின் பிற்பகுதியில் 'ஸ்பின்ஸ்' என்ற பெயரில் சின்னக் குப்பிகளில் சென்ட்டையும் விற்பனைக்கு விட்டது. சென்ட் பாட்டில் பெட்டிக்கடைச் சரமாகத் தொங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

2011இல் அகமதாபாத்தின் வினி நிறுவனம், கேஸ் இல்லாத ஸ்பிரே என்ற விளம்பரத்தோடு 'ஃபாக்' கொண்டுவந்தது. கல்லூரிப் பையன்களின் பையிலெல்லாம் ஏறிவிட்டது. 2013இல் டைட்டன் நிறுவனம் 'ஸ்கின்' என்ற பெயரில் சென்ட் தொழிலுக்குள் வந்தது. டைட்டன் கடிகாரம் தொடங்கிய ஓசூர் அந்நாளில் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004இல்.

இது கீழ்த்தட்டின் கதை. மேல்தட்டில் என்ன நடந்தது? சம்பங்கியை மையமாக வைத்த சென்ட்களில் உலகம் இன்றும் பேசுவது 'ஃப்ராகா'. ஜெர்மேன் செல்லியே என்ற பெண்மணி 1948இல் ராபர்ட் பிகே நிறுவனத்துக்காகச் செய்தது. அந்தக் காலத்தில் கிராஸ் வயல்களிலேயே சம்பங்கி இருந்தது. கூலி ஏறியது, நிலம் வீட்டுமனை ஆனது, அங்கே வயல்கள் சுருங்கின. இப்போது உலகச் சென்ட் தொழிலுக்குச் சம்பங்கிச் சாறு கொடுப்பதில் இந்தியாதான் முன்னே நிற்கிறது. தமிழ்நாட்டில் சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கங்களில் பூச்சாறு எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. 2017இல் ஆல்பர்ட்டோ மொரில்லாஸ் என்ற வல்லுநர் குச்சி நிறுவனத்துக்காகச் செய்த 'ப்ளூம்' மல்லிகை, சம்பங்கி, இரங்கூன் மல்லி மூன்றையும் வைத்துக் கட்டியது. மூன்றும் நம் தெருவில் மணக்கிற பூக்கள். அந்தப் பாட்டிலின் விலையைக் கேட்டால் நாம் பால்கனித் தொட்டியோடு திருப்திப்பட்டுக்கொள்வோம்.

ஆக, ஆயிரக்கணக்கில் விலையுள்ள பாட்டிலில் பூ கொஞ்சம் இருக்கிறது. இருநூறு ரூபாய் பாட்டிலில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவர் பூ விவசாயி.

சம்பங்கிக் கிழங்கை ஒரு தடவை நட்டால் மூன்று ஆண்டு வரை பூக்கும். ஆனால் தினமும் விடிகாலையில் பறித்தாக வேண்டும். நாளைக்குப் பறித்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. இந்தப் பூ மாலைக்குத்தான் அதிகம் போகிறது: சாமிக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு. அதனால் விலை நாள் நட்சத்திரத்தைப் பார்த்து ஏறி இறங்குகிறது. ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் முதல் நாள் நீங்கள் பூ வாங்கப் போய் விலையைக் கேட்டு முகம் சுளித்திருப்பீர்கள். நம் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மாலை வியாபாரம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் கழித்து அதே பூவுக்குப் பறிகூலிகூடத் தேறாது. கொட்டிவிட்டுப் போகிற நாளும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் சம்பங்கிக்கு இன்னும் மோசம்.

தர்மபுரிக்கு ஒரு வாசனைத் திரவியத் தொழிற்சாலை வேண்டும் என்று பூ விவசாயிகள் நெடுநாளாகக் கேட்பது இதனால்தான். ஆலை வந்தால் பூவுக்குத் தங்க விலை கிடைத்துவிடாது. கிலோவுக்கு ஒரு கிராம் சாறு கிடைக்கிற பூவுக்கு ஆலைக்காரர் கொடுப்பது மட்டமான விலையாகத்தான் இருக்கும். மேலே போட்ட கணக்கே அதைச் சொல்கிறது. ஆனால் அதற்குக் கீழே விலை போகாது என்று ஒரு தரை கிடைக்கும். குப்பையில் கொட்டுகிற நாளில் அந்தத் தரைதான் பெரிது.

இன்னொரு போட்டி வந்திருக்கிறது, அது நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. பிளாஸ்டிக் பூமாலை. வாடாது, ஒருமுறை வாங்கினால் ஐந்து வருஷம், விசேஷம் முடிந்ததும் ஸ்டோர் ரூமில் போட்டுவிடலாம். நம் பொங்கல் விழாவுக்கும் கொடியேற்றத்துக்கும் நுழைவாயில் அலங்காரம் எதில் செய்வது என்று அடுத்த கூட்டத்தில் பேச்சு வரத்தான் போகிறது. முழுக்க நிஜப் பூவில் செய்தால் என்ன செலவாகும் என்று ஒரு தடவை மார்க்கெட்டில் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். விழாவுக்கு மூன்று நாள் முன்பே சொல்லி வைத்தால் விலை குறைத்துக் கேட்கவும் முடியும்.

வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. மாலையில் வாங்கும்போது முழுதாக விரிந்த பூவை விட்டுவிட்டு, அன்றிரவு அவிழக்கூடிய பருத்த மொட்டுகளாகப் பார்த்து எடுங்கள். வாய் அகன்ற கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, ஹாலில் வையுங்கள். படுக்கையறையில் வேண்டாம், பதினான்காம் லூயியே எழுந்து போன பூ அது.